குடும்ப விபரம்

"உங்களைப் பற்றிச் சொல்லுங்க" என்று ஜெராட் கேட்டதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். கதிரையில் இருந்தபடியே பதில் சொல்லலாம் என்பது எனக்குத் தோன்றவில்லை.

"இராசதுரை சுலோஜனா. பனிச்சங்கேணி கிராம சேவையாளர் பிரிவு. குடும்பத் தலைவர் இலட்சுமிப்பிள்ளை, தாய். அங்கத்தவர் மூன்று பேர். இரண்டாயிரத்து நாலு சுனாமியில் தகப்பனார் இறந்தது. வீடு முழுச்சேதம், தோணி ஒன்று, வலை மூன்று. இரண்டாயிரத்து ஆறு கடைசியில் இடம்பெயர்ந்து..."

ஜெராட் கையை உயர்த்தினார். மட்டக்களப்பு நகரத்தில் ஒரு நிவாரண நிறுவனத்தில், வேலைக்கு ஆள் எடுக்கும் ஆளணிப் பிரிவில் இருப்பவர். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் வணிக முகாமைத்துவம் இறுதி வருடம் படித்த எங்களுக்கு, சனிக்கிழமைகளில் நேர்முகப் பரீட்சைக்குப் பயிற்சி தர வந்துகொண்டிருந்தார். அது இரண்டாயிரத்து ஒன்பது கார்த்திகை. சண்டை முடிந்து ஆறு மாதம். கொழும்புக் கம்பெனிகளும் வங்கிகளும் எங்கள் பக்கம் வரத் தொடங்கியிருந்தன.

"சுலோ, நீங்க சொன்னதக் கேட்டா எனக்கு உங்களுக்குக் கூடாரம் அடிக்க ஒரு தறப்பாள் தரவேணும் போல கிடக்கு. வேலை தரவேணும் போல இல்ல."

வகுப்பு அப்போதுதான் சிரித்தது. அதுவரை யாரும் சிரிக்கவில்லை. பாதிப்பேர் அதே விடையைத்தான் வைத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

"அதுதான் சேர்" என்றாள் என் பக்கத்தில் இருந்த பரீனா. "முகாம்ல இருந்தவளுக்கு முகாமைத்துவம் படிப்பிச்சா இப்படித்தான் வரும்."

பரீனா ஏறாவூர்க்காரி. விடுதியில் என் அறையில் இருந்தவள். அவள் இப்படி எதையாவது சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் மூச்சு வரும்.

அன்று இரவு முழுவதும் தலைக்குள் அந்தக் கேள்வி கிடந்தது. ஐந்து வருடத்தில் எத்தனை மேசைகளுக்கு முன்னால் நின்றிருக்கிறேன் என்று யோசித்தேன். நிவாரண அட்டை தருபவருக்கு இழந்ததை எல்லாம் சொல்ல வேண்டும். ஒன்றை மறந்தால் அதற்குரியது கிடைக்காது. சோதனைச்சாவடியில் எதையுமே சொல்லக்கூடாது. கேட்டதற்கு மட்டும், அதுவும் சின்னதாக. காணாமல் போனவர்களைத் தேடும் அலுவலகத்தில் தம்பி மதுஷனின் பெயரைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மேசைக்கும் எங்கள் வீட்டு ஆட்கணக்கு மாறும். இரண்டு, மூன்று, சில இடத்தில் அப்பாவையும் சேர்த்து நான்கு. கேட்பவரின் முகத்தைப் பார்த்த உடனே எந்த எண்ணைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும். அதில் நான் கெட்டிக்காரி.

இப்போது ஜெராட் சொல்வது இன்னொரு விதமான மேசை. அங்கே நான் மட்டும் போதும். என் பலம் என்ன, பலவீனம் என்ன, ஐந்து வருடத்தில் எங்கே இருப்பேன். எந்த இடத்திலும் ஐந்து வருடம் இருப்பேன் என்று நான் நினைத்ததில்லை.

மார்கழி விடுமுறைக்கு, நாங்கள் திரும்பிவந்து குடியேறியிருந்த பனிச்சங்கேணி வீட்டுக்குப் போனேன். கொழும்புக் காப்புறுதிக் கம்பெனி ஒன்று தொலைபேசியில் நேர்முகம் வைப்பதாக அறிவித்திருந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. எங்கள் வளவில் வேலியோரம் ஒரே ஒரு இடத்தில்தான் சிக்னல் வரும். அங்கே கம்பில் தொங்கவிட்ட ஒரு பொலித்தீன் பைக்குள் போனை வைத்துவிட்டு, ஒன்பது மணிக்குக் குளிக்கப் போனேன். அவர்கள் ஒன்பது இருபதுக்கே அழைப்பெடுத்துவிட்டார்கள்.

நான் ஈரத்தலையோடு ஓடி வந்தபோது அம்மா இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு கதைத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பியப் பத்தியா ஐயா? மதுஷன். இராசதுரை மதுஷன். இடது முழங்கையில தழும்பு இரிக்கி. சின்னதில கிளிசறியா மரத்தால விழுந்தவன். ஐயா? ஐயா, கேக்குதா?"

அழைப்பு முடிந்திருந்தது. நான் திரும்ப எடுத்தேன். ஒரு பதிவுசெய்த பெண் குரல் மூன்று மொழியிலும் காத்திருக்கச் சொன்னது. பிறகு அதுவும் நின்றது.

"கொழும்பு நம்பர் புள்ள" என்றாள் அம்மா. "கொழும்பு நம்பரெண்டோன எனக்குக் கைகால் ஓடல்ல."

"பரவாயில்ல அம்மா."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் எடுத்திருப்பேன். இடம்பெயர்வதற்கு மூன்று மாதம் முன்பு, பதினேழு வயதில், தம்பியை இயக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த வருடம் வன்னியில் கண்டதாக ஒருவர் சொன்னார். அதன் பிறகு ஒன்றும் இல்லை. தெரியாத எண் எதுவானாலும் அம்மாவுக்கு அது அவனைப் பற்றியதுதான்.

மத்தியானம் சோறு போடும்போது அம்மா கேட்டாள். "நீ எடுத்திருந்தா என்ன கேட்டிருப்பானுகள்?"

"என்னப் பத்தித்தான்."

"தம்பியக் கேக்கமாட்டானுகளா?"

"சில இடத்தில கேக்கலாம். குடும்ப விபரமெண்டு ஒண்டு இரிக்கும்."

"கேட்டா என்னெண்டு சொல்லுவ?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"இல்லையெண்டு மட்டும் சொல்லிப்போடாத கா. சொல்லிட்டன். நாளைக்கு அந்தக் கடதாசியக் காட்டி, உங்கட மகள்தானே எழுதித் தந்தவ, அப்படியொரு ஆள் இல்லையெண்டு கேட்டா, நான் எந்த வாயால கதைக்கிற?"

"இது வேலைக்கான கடதாசி அம்மா. அது வேற, இது வேற."

"எல்லாம் கொழும்புக்குத்தானே போகுது."

அம்மா எல்லாவற்றையும் பதிவு என்றுதான் சொல்வாள். நிவாரணப் பதிவு, பொலிஸ் பதிவு, நான் போகும் நேர்முகமும் பதிவு. எங்கேயோ ஒரு பெரிய அறையில் இந்தக் கடதாசிகள் எல்லாம் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதாக அவள் நம்பினாள். அப்படி இல்லை என்று எனக்கும் நிச்சயமாகத் தெரியாது.

தை மாதம் மட்டக்களப்பு நகரில், வாவியைப் பார்த்த ஒரு விடுதி மண்டபத்தில், விற்பனைக் கம்பெனி ஒன்று குழுக் கலந்துரையாடல் வைத்தது. எட்டுப் பேரை வட்டமாக இருத்தினார்கள். கொழும்பிலிருந்து வந்த இளைஞன் ஒருவன், கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு, கதை ஒன்று சொன்னான். நடுக்கடலில் ஒரு தோணி. அதில் எட்டுப் பேர். தோணி தாழ்கிறது. இரண்டு பேரைத் தள்ளினால் மற்றவர்கள் தப்பலாம். வைத்தியர், கர்ப்பிணி, ஆசிரியர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு. யாரைத் தள்ளுவது என்று பத்து நிமிடத்தில் முடிவுசெய்ய வேண்டும்.

முதலில் எங்களில் ஒருவனான வெல்லாவெளி லக்ஷன் சொன்னான். "என்னத் தள்ளுங்க. எனக்கு நீந்தத் தெரியா. வட்டைக்குள்ள, வயலுக்கு நடுவில பிறந்தவன்."

"தாழுறதெண்டா எப்படித் தாழுது?" என்று நான் கேட்டேன். "ஓட்டையா, பாரமா?"

"பாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்."

"அப்ப ரெண்டு பேரத் தள்ளத் தேவல்ல. எல்லாரும் இறங்கி விளிம்பப் பிடிச்சா தோணி மிதக்கும். கர்ப்பிணிய மட்டும் உள்ள விடலாம். மாறி மாறி ஏறலாம்."

கல்லாறுப் பிள்ளை ஒருத்தி, தண்ணீர்க் கான்களைக் காலியாக்கி மூடிக் கட்டினால் மூன்று பேர் பிடிக்கலாம் என்றாள். இன்னொருவன் உடுப்பை முடிச்சுப்போட்டுக் கயிறாக்குவது பற்றிச் சொன்னான். பத்து நிமிடமும் நாங்கள் எட்டுப் பேரையும் கரைசேர்க்கும் வேலையில்தான் இருந்தோம். யாரும் யாரோடும் போட்டி போடவில்லை. லக்ஷனை எந்தப் பக்கம் பிடிக்க விடுவது என்பதில் மட்டும் கொஞ்சம் வாக்குவாதம் வந்தது.

"நீங்கள் கேள்விக்குப் பதில் சொல்லவே இல்லையே" என்றான் அந்த இளைஞன். கெட்டவன் இல்லை. உண்மையாகவே குழம்பியிருந்தான். எங்களில் ஒருவரையும் அவர்கள் எடுக்கவில்லை.

மிச்சமிருந்தது வங்கி. நான் விரும்பியதும் அது ஒன்றைத்தான். வாழைச்சேனையில் புதுக் கிளை திறக்கிறார்கள். வீட்டிலிருந்து காலையில் பஸ் ஏறினால் வேலைக்குப் போய் மாலையில் திரும்பலாம். மற்ற வேலைகள் எல்லாம் கொழும்பில். அம்மா பனிச்சங்கேணியை விட்டு ஒரு நாளும் வரமாட்டாள். தம்பிக்குத் தெரிந்த விலாசம் அது ஒன்றுதான் என்பாள். அவளைத் தனியே விட்டுவிட்டு நான் கொழும்பில் ஒரு அறையில் படுத்துக்கிடப்பதை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நினைப்பு அறையின் கதவைத் திறப்பதோடு நின்றுவிடும்.

விண்ணப்பத்தில் சகோதரர்களுக்கு ஒரு கட்டம் இருந்தது. பெயர், வயது, தொழில். தம்பியைப் பற்றிச் சொல்லி, அதை ஜெராட்டிடம் காட்டினேன்.

"வெறுமையா விடுங்க" என்றார். "பேர எழுதினா தொழில எழுதவேணும். எழுதாட்டிக் கேப்பாங்க. கேட்டா நீங்க அழுவீங்க."

"நான் அழமாட்டன் சேர்."

"அழாட்டி இன்னும் மோசம்" என்றார். பிறகு, சொன்னதற்காக வருந்தியவர்போல, "பொலிஸ் அறிக்கையும் எடுப்பாங்க, சுலோ. ஏன் நீங்களே ஒரு கேள்வியக் கிளப்புவான்? பொய் இல்லையே. வெறுமைதானே" என்றார்.

வெறுமையாக விட்டு அனுப்பினேன். தபாலில் போட்ட பிறகு இரண்டு நாள் அந்தக் கட்டம் கண்ணுக்குள் வந்துகொண்டிருந்தது. இல்லை என்று நான் எழுதவில்லை. ஆனால் அந்தக் கடதாசியைப் பார்க்கிறவர்கள் அப்படித்தான் வாசிப்பார்கள் என்று தெரிந்தே விட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

நேர்முகத்துக்கு நானும் பரீனாவும் ஒரே நாளில் அழைக்கப்பட்டோம். அவள் முதலில் உள்ளே போய் வந்தாள்.

"எப்படி?"

"கலியாணம் எப்பவெண்டு கேட்டாங்க புள்ள. மாப்பிள்ளையக் கண்டா எனக்கும் சொல்லுங்க எண்டன்."

"மெய்யா?"

"மனசுக்குள்ள சொன்னன். வாயால, வேலைதான் முக்கியமெண்டு சொன்னன்." முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தாள். "நில்லாத. போன உடன கதிரையில இரு."

உள்ளே மூன்று பேர். நடுவில் பிராந்திய முகாமையாளர், சிங்களவர், மெதுவான ஆங்கிலத்தில் பேசினார். வலப்பக்கம் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த தமிழ்ப் பெண், ஐம்பது வயதிருக்கும், இளநீலச் சேலை. இடப்பக்கம் புதுக்கிளைக்கு முகாமையாளராக வரவிருந்த வினாயகமூர்த்தி. எங்கள் பக்கத்துச் சித்தாண்டிக்காரர் என்பதை அவர் வாய் திறந்ததுமே கண்டுகொண்டேன்.

நான் இருந்தேன். என்னைப் பற்றிச் சொன்னேன், ஜெராட் சொல்லித்தந்தபடி. நான் பொறுமையானவள், எண்களில் கவனமானவள், கிராமத்தவர்களோடு பழகத் தெரிந்தவள். சொல்லும்போது யாரோ ஒரு நல்ல பிள்ளையைச் சிபாரிசு செய்வதுபோல இருந்தது. சேமிப்புக் கணக்கையே காணாத மீனவர் ஒருவரை எப்படி வங்கிக்கு வரவைப்பாய் என்று நடுவில் இருந்தவர் கேட்டார். வங்கி அவரிடம் போகவேண்டும், விடியற்காலை மீன் ஏலம் முடிகிற நேரத்தில், என்றேன். அவர் எழுதிக்கொண்டார். இருபது நிமிடம் நன்றாகப் போனது. இவ்வளவுதானா என்று ஒரு இளக்கம் வந்தது.

அப்போது அந்தப் பெண் விண்ணப்பத்தைப் புரட்டினாள். புரட்டி, தமிழுக்கு மாறினாள். அன்பாகத்தான் கேட்டாள்.

"அப்பா இல்ல போல. வீட்டில ஒரே பிள்ளையா நீங்க?"

ஓம் என்பது ஒரே எழுத்துப் போன்ற சொல். அது நாக்கின் நுனியில் வந்து நின்றது. அதைச் சொல்லியிருந்தால் அந்தக் கட்டத்தோடும் பொருந்தியிருக்கும். ஒரு பழக்கம்போல அவள் முகத்தைப் பார்த்தேன், எந்த எண்ணைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்ள. அவள் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. சும்மா கேட்டிருந்தாள். களைப்பாக இருந்தது. எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் இருப்பது அந்தக் களைப்புத்தான். துணிவு என்று சொல்ல மாட்டேன்.

"இல்ல மெடம். தம்பி ஒராள் இரிக்கான்."

"ஓ, இதுல போடல்லயே. எங்க இருக்கார்?"

"வெளிய."

எங்கள் வீடுகளில் இருந்து கூட்டிக்கொண்டு போகப்பட்ட பிள்ளைகளைப் பற்றி அயலார் கேட்டால் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வீட்டில் இல்லை, வெளியே. அதற்கு மேல் கேட்பவரும் கேட்பதில்லை. ஆனால் கொழும்புக்காரருக்கு வெளியே என்றால் வெளிநாடு. அதை நான் சொன்ன பிறகுதான் உணர்ந்தேன்.

"வெளிநாட்டிலயா? நல்லம்தானே. எந்த நாடு?"

"தெரியா மெடம்."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "தம்பி எந்த நாடென்று அக்காவுக்குத் தெரியாதா?"

"மூணு வருசமா கதை இல்ல."

ஒரு தகவலும் இல்லை என்றுதான் சொன்னேன். சொல்லி முடிந்ததும் அந்தச் சொல் மேசைக்கு அந்தப் பக்கத்தில் வேறொன்றாகப் போய் விழுவதைக் கண்டேன். அவள் முகம் இளகியது. கோபதாபம் எந்தக் குடும்பத்தில்தான் இல்லை என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

"சின்னக் கோபங்களை இப்படி வளரவிடக்கூடாது. நீங்க மூத்தவர்தானே? நீங்களா எடுத்துக் கதைச்சா என்ன குறைஞ்சு போகும்?"

வினாயகமூர்த்தி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. அவருக்கு விளங்கிவிட்டது. எந்த வருடம், எந்த ஊர், எந்த வெளி என்று எல்லாமே விளங்கிவிட்டது. அவர் வாயைத் திறந்தால் இரண்டு சொல்லில் அதைத் திருத்திவிடலாம். நான் காத்திருந்தேன். திருத்திவிட்டால் நல்லது என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். நானாகத் திருத்துவதற்கு எனக்குத் திராணி இல்லை.

அவர் தன் முன்னால் இருந்த கடதாசியை மறுபக்கம் திருப்பினார்.

"பனிச்சங்கேணியால வாழைச்சேனைக்கு முதல் பஸ் எத்தின மணிக்கு புள்ள?" என்றார்.

"ஆறேகாலுக்கு சேர்."

"எட்டுக்கு வந்திரலாமா?"

"வந்திரலாம் சேர்."

"அப்ப எனக்கு வேற கேள்வி இல்ல."

அந்தப் பெண் என் விண்ணப்பத்தில் எதையோ எழுதினாள். தலைகீழாகப் பார்த்தாலும் வாசிக்க முடிந்தது. ஒரு சகோதரர், வெளிநாடு. நான் அவளுக்கு நன்றி சொன்னேன். கோபத்தைத் தீர்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன்போல இருக்கிறது. வெளியே வந்து பரீனாவின் பக்கத்தில் இருந்தேன். அவள் தன் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து என் கையில் வைத்தாள்.

மாசியில் கடிதம் வந்தது. பயிலுநராக எடுத்திருக்கிறார்கள். பரீனாவை நகரக் கிளைக்கு எடுத்திருந்தார்கள். கடிதத்தோடு நிரப்பி அனுப்ப வேண்டிய குடும்ப விபரப் படிவம் ஒன்றும் இருந்தது. எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடக்கூடாது என்று மேலே தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்.

அம்மா மீன் செதிலெடுத்த கையைக் கழுவிவிட்டு வந்து பாயில் என் எதிரே இருந்தாள்.

"தம்பிட பேர எழுது."

எழுதினேன்.

"வயசு?"

"இருபது."

"இருபத்தொண்டு."

"பங்குனியிலதான் அம்மா இருபத்தொண்டு."

"கடதாசி கொழும்புக்குப் போய்ச் சேரக்குள்ள பங்குனி வந்திரும்."

இருபத்தொன்று என்று எழுதினேன். அடுத்தது தொழில். அதற்கு முன்னால் பேனை நின்றது. அங்கே வைத்துத்தான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விண்ணப்பத்தில் அவன் பெயரை விட்டது, அந்தப் பெண் கேட்டது, நான் வெளியே என்றது, அவள் விளங்கிக்கொண்ட விதம், அந்த மனிதர் பேசாமல் இருந்தது. கட்டத்தை வெறுமையாக விட்டேன் என்றபோது அம்மா பாயின் ஓரத்து நாரைப் பிடித்து இழுத்தாள்.

"அப்ப அவன் இரிக்கான் எண்டுதான் அந்த மனிசி எழுதினவ?"

"ஓம். வெளிநாட்டில எண்டு."

"உயிரோட."

"ஓம் அம்மா."

அவள் கொஞ்ச நேரம் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசிக்கத் தெரியும், ஆனால் வாசிக்கவில்லை. நான் தொழிலில் மாணவன் என்று எழுதினேன். எங்களுக்குத் தெரிந்த அவனுடைய கடைசித் தொழில் அதுதான். பொலிஸ் அறிக்கைக்காக யாராவது வீட்டுக்கு வந்தால் என்ன சொல்வது என்று இருவரும் கதைத்தோம். அம்மா தான் கதைத்துக்கொள்வதாகச் சொன்னாள். உண்மையைச் சொல்வாளா, வெளிநாடு என்பாளா என்று நான் கேட்கவில்லை. வேலை போனாலும் போகலாம். அதை அவளும் அறிந்திருந்தாள்.

படிவத்தை மடித்து உறைக்குள் வைத்தேன். அம்மா எழுந்து குசினிக்குப் போனாள். போய், வாசலில் நின்று திரும்பினாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் கோபமெண்டா அந்த மனிசி நினைச்சவ?"

"ஓம்."

"நீ பேசாம இருந்தியா?"

"ஓம் அம்மா."

"அவன் ஒரு நாளும் உன்னோட கோபிச்சவனில்லையே" என்றாள் அம்மா. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.